டேன் 90° இல்லை என்றால் திரையில் அந்தக் கோடு எப்படி வந்தது?

சத்தியமங்கலம் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். போன மாதம் முழுக்க, வகுப்பில் காட்டத் தோதான இணையக் கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தார். முக்கோணத்தை இழுத்துப் பார்ப்பது, வினாடி வினா நடத்துவது, வரைபடம் போடுவது என்று ஒவ்வொன்றாகப் பள்ளி ஹைடெக் லேபில் போட்டுப் பார்த்ததில் வரைபடக் கருவி ஒன்று அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பத்தாம் வகுப்புக்குக் காட்டினார். அன்று சாயந்திரமே போன் வந்தது.

"ஏனுங்க, டேன் 90 வரையறுக்கப்படவில்லைன்னுதானே அட்டவணையில எழுதிப் போடறோம்? இதுல டேன் போட்டா, 90-ல கீழ இருந்து மேல வரைக்கும் நெட்டுக்குத்தலா ஒரு கோடு வருதுங்க. 'இல்லைன்னு சொன்னீங்களே டீச்சர், இங்க இருக்குதே'ங்கறா ஒரு புள்ளை. நான் என்னங்க சொல்லட்டும்?"

அந்தப் பிள்ளையின் கேள்வி அருமையான கேள்வி. டேன் என்பது செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணத்தின் எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் வருகிற எண். பதில் சொல்ல வேண்டுமென்றால் கருவி எப்படிப் படம் வரைகிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கருவிக்கு வளைகோடு என்றால் என்னவென்றே தெரியாது. அது செய்வது பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண்ணுக்கு நாம் செய்த அதே வேலைதான். எக்ஸுக்குச் சில மதிப்புகளைக் கொடுத்து ஒய் கண்டுபிடி, புள்ளி வை, சேர். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நாம் பென்சிலை லாவகமாக வளைத்துப் புள்ளிகளைச் சேர்ப்போம், கருவி ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோட்டுத் துண்டுகளால் சேர்க்கும். துண்டுகள் போதுமான அளவு சின்னதாக இருந்தால் நம் கண்ணுக்கு அது வளைவாகத் தெரிகிறது.

சரி, எத்தனை புள்ளி வைப்பது? திரையின் அகலம் 1920 பிக்சல் என்றால் பிக்சலுக்கு ஒன்றாக 1920 புள்ளி வைத்துவிடலாமே என்று தோன்றும். நேராகப் போகிற இடத்தில் அத்தனையும் வீண். செங்குத்தாக ஏறுகிற இடத்தில் அதுவும் போதாது. ஆசிரியை படத்தை விரலால் இழுக்க இழுக்க, ஒவ்வொரு நொடியும் பல தடவை எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறியவர்களுக்கு விடை தெரியும். அந்த மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்தச் சாலையை ஒரு தாளில் வரையச் சொன்னால், கீழே நேராக ஓடுகிற ரோட்டுக்கு அந்தக் கோடியில் ஒன்று, இந்தக் கோடியில் ஒன்று என்று இரண்டு புள்ளி வைத்தால் போதும். மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் நெருக்கி நெருக்கிப் புள்ளி வைத்தால்தான் பாதை பாதையாக வரும். நேரான இடத்தில் கஞ்சத்தனம், வளைகிற இடத்தில் தாராளம். ஆனால் நமக்கு வளைவு கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணில்லாத கருவி, எங்கே வளைகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்ளும்?

இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். ஒரு துண்டின் இரண்டு முனைகளையும் நேர்கோட்டால் சேர்ப்பதாக வைத்துக்கொள். அந்தக் கோட்டின் நடுவில் உயரம் எவ்வளவு என்று பார். உண்மையான வளைகோடு அதே நடு இடத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடு. இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கே ரோடு நேர், அப்படியே விடு. வித்தியாசம் இருந்தால் அங்கே வளைகிறது, துண்டைப் பாதியாக வெட்டி, இரண்டு பாதிக்கும் இதே சோதனையைச் செய். அவ்வளவுதான் முறை.

ஒய் = எக்ஸ் வர்க்கம், 0 முதல் 4 வரை, கையாலேயே போட்டுப் பார்க்கலாம். முனைகளின் உயரம் 0, 16. சேர்த்தால் நடுவில் 8. ஆனால் எக்ஸ் 2 ஆகும்போது உண்மையான உயரம் 4. வித்தியாசம் 4, எனவே வெட்டு. 0 முதல் 2 வரை பார்த்தால் நேர்கோடு 2 என்கிறது, உண்மை 1. வித்தியாசம் 1. அடுத்த பாதி 2 முதல் 4 வரை: நேர்கோடு 10, உண்மை 9. அங்கேயும் வித்தியாசம் 1! இன்னொரு தடவை வெட்டினால் நான்கு துண்டிலும் கால். அடுத்து பதினாறில் ஒன்று. நீளத்தைப் பாதியாக்கினால் பிழை கால்வாசி ஆகிறது. ஓர் அலகுக்கு 50 பிக்சல் என்று வைத்தால், ஐந்தாவது வெட்டில் பிழை 256-இல் ஒன்று, அதாவது ஒரு பிக்சலில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. 32 துண்டுகள், 33 புள்ளிகள், பளிங்கு மாதிரி ஒரு பரவளையம். 1920 புள்ளி எங்கே, 33 புள்ளி எங்கே!

ஏமாறுகிற இடமும் உண்டு. சைன் வளைகோட்டை 0° முதல் 720° வரை கொடுங்கள். இரண்டு முனையிலும் மதிப்பு 0, நடுவில் 360°-இலும் 0. நேர்கோடு என்று தீர்ப்புச் சொல்லிவிடும். வெட்டிப் பார்த்தாலும் 180°, 540° இரண்டிலும் 0. இரண்டு முழு அலைகள் சுவடில்லாமல் மறைந்துபோகும். அதனால்தான் முதலிலேயே ஓரளவு நெருக்கமாகப் புள்ளிகளை வைத்துக்கொண்டு, அப்புறம்தான் வெட்டத் தொடங்க வேண்டியிருக்கிறது.

இப்போது டேன். 89°-இல் அதன் மதிப்பு 57.29. 91°-இல் மைனஸ் 57.29. இரண்டையும் சேர்க்கிற துண்டு திரையின் உச்சியிலிருந்து அடிவரை விழுகிறது. பிள்ளை பார்த்தது இந்தத் துண்டைத்தான். அது வளைகோட்டின் பகுதி இல்லை, புள்ளிகளைச் சேர்க்கிற பழக்கத்தில் கருவி போட்ட கோடு.

கருவி 90°-ஐயே தொட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். தொட்டாலும் தெரியாது. கணினி கோணத்தை டிகிரியில் இல்லாமல் ரேடியன் என்கிற வேறொரு அலகில் எடுக்கிறது, டிகிரியை அதற்கு மாற்ற பை வேண்டும். பையின் இலக்கங்களை முழுசாக வைத்துக்கொள்ள எந்தக் கணினியிலும் இடமில்லை, சுமார் 16 இலக்கத்தோடு வெட்டி வைத்திருக்கிறது. ஆகவே அது நினைக்கிற 90° உண்மையான 90°-க்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும். அங்கே டேன் கேட்டால் பல நிரல்மொழிகளில் 16331239353195370 என்று 17 இலக்கத்தில் ஓர் எண் வந்து விழும். 'இல்லை' என்ற பதில் வராது.

அப்படியானால் நல்ல கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதே பாதியாக்கும் வேலையை வைத்துத்தான். எக்ஸின் கனமூலத்தை எடுத்துக்கொள்வோம். அதுவும் 0-இல் செங்குத்தாகத்தான் நிற்கிறது, ஆனால் அறுபடாத கோடு. மைனஸ் 1 முதல் 1 வரை அதன் ஏற்றம் 2. இடைவெளியை எட்டில் ஒன்றாக்கினால் ஏற்றம் 1. மறுபடி எட்டில் ஒன்றாக்கினால் அரை. இடைவெளி சுருங்கச் சுருங்க ஏற்றமும் சுருங்குகிறது. டேனில் நடப்பதைப் பாருங்கள். 90°-க்கு இருபுறமும் ஒரு டிகிரி தள்ளி நின்றால் தாவல் சுமார் 114.6. அரை டிகிரி தள்ளி நின்றால் 229.2. நெருங்க நெருங்கத் தாவல் இரட்டிக்கிறது! ஒரு அளவுக்கு மேல் வெட்டியும் தாவல் அடங்கவில்லை என்றால், இங்கே கோடு அறுந்திருக்கிறது என்று முடிவுகட்டிப் பென்சிலைத் தூக்கிவிட வேண்டும். பதினோராம் வகுப்பில் எல்லை, தொடர்ச்சி என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிற பாடம் முழுக்க இந்த ஒரு சோதனைக்குள் இருக்கிறது.

நம் ஊர்களில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு வைத்தாலே கூட்டம் சேர்கிறது. ஜாதகத்துக்கு இல்லாத உண்மை, கணினிக்குள் போய் வந்தால் எங்கிருந்து வரும்? கணினி சொன்னால் தப்பாகாது என்கிற நம்பிக்கையும் மூடநம்பிக்கைதான். அதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை திரையைப் பார்த்தே சந்தேகப்பட்டாள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நம் கணக்குப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' பகுதியில் வருகிற ஜியோஜீப்ரா என்கிற கணக்குக் கருவி, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001-இல் தன் முதுநிலைப் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கியது. ஒரு மாணவரின் பட்ட ஆய்வு இன்று சத்தியமங்கலத்து வகுப்பறை வரைக்கும் வந்திருக்கிறது. கோவையிலும் ஈரோட்டிலும் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிற எத்தனையோ பேர் தறி ஓட்டுகிற, பனியன் கம்பெனிக்குப் போகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு ஒரு வருடம் உதவித்தொகை கொடுத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான கருவிகளைத் தமிழிலேயே செய்யச் சொல்ல வேண்டும். அதற்கு ஒதுக்குகிற பணத்தைச் செலவு என்று நான் நினைக்க மாட்டேன்.

ஆசிரியை அடுத்த நாள் அதே படத்தை மறுபடி திரையில் போட்டாராம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, இடது வரிசைக்கு 89, 89.9, 89.99 என்றும், வலது வரிசைக்கு 91, 90.1, 90.01 என்றும் கொடுத்து, லேப் கணினியில் இருக்கிற கால்குலேட்டரில் டேன் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார். இடது பக்கம் 57.29, 572.96, 5729.58. வலது பக்கம் அதே எண்கள், முன்னால் மைனஸ். ஒவ்வொரு ஒன்பதுக்கும் பத்து மடங்கு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். முதல் நாள் கேள்வி கேட்ட பிள்ளை 89.99999 போட்டு, 57 லட்சத்து 29 ஆயிரத்து 577 என்று போர்டில் எழுதினாளாம். எழுதி முடித்துவிட்டுத் திரும்பி, இன்னும் ஒரு ஒன்பது போடட்டுமா டீச்சர் என்று கேட்டிருக்கிறாள்.