வயர்லெஸ் பேக்கப் கேமரா: தமிழில் என்ன சொல்வது?

மணலியிலோ மாதவரத்திலோ லாரிக்கு எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிற கடையில் ‘ரிவர்ஸ் கேமரா’ என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ‘பேக்கப் கேமரா’ என்றால் ஒரு நொடி யோசிப்பார்கள். ஆனால் அந்தப் பொருள் வருகிற அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் அச்சாகியிருப்பது இரண்டாவது பெயர்தான். முன்னால் ‘வயர்லெஸ்’ என்று ஒரு அடைமொழி, கீழே ‘ட்ரெய்லர், ஆர்.வி., கேரவன்’ என்று ஒரு வரிசை. இந்தப் பெயரில் இரண்டு இடங்களில் குழப்பம் இருக்கிறது. ‘பேக்கப்’ தமிழுக்கு வரும்போது தப்பாக வருகிறது. ‘வயர்லெஸ்’ வாங்குபவர் மனதில் தப்பாகப் பதிகிறது. இரண்டையும் சரி செய்தால்தான் நல்ல தமிழ்ப் பெயர் கிடைக்கும்.

பொருள் என்னவோ எளிமையானது. வண்டியின் வால்பகுதியில் ஒரு சின்ன கேமரா, டிரைவர் முன்னால் ஒரு சின்னத் திரை. வண்டிக்குப் பின்னால் இருப்பது திரையில் தெரியும். படத்தை வேண்டுமென்றே இடவலம் மாற்றித்தான் காட்டுவார்கள். பக்கக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்போதுதான் இடது இடதாகவே இருக்கும்.

முதலில் ‘பேக்கப்’. வண்டியைப் பின்னால் எடுப்பதை அமெரிக்கர்கள் ‘பேக் அப்’ என்பார்கள். பிரிட்டனில் அதே வேலைக்கு ‘ரிவர்ஸ்’ என்ற சொல். நம் ஊருக்கு வந்தது பிரிட்டன் வழக்கு, பெட்டியில் அச்சாவது அமெரிக்க வழக்கு. ‘பேக்கப்’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கணினியில் கோப்புகளுக்கு எடுத்து வைக்கும் நகல்தான். அதனால்தான் இயந்திரம் மொழிபெயர்த்த விளம்பரங்களில் ‘காப்புக் கேமரா’, ‘காப்புப்பிரதி கேமரா’ என்றெல்லாம் வருகிறது. அதைப் படிப்பவர், ஒரு கேமரா கெட்டுப்போனால் பயன்படுத்த வைத்திருக்கும் இன்னொரு கேமரா என்றுதான் நினைப்பார். அப்படி நினைப்பது அவர் பிழை இல்லை.

உண்மையிலேயே அவசரத்துக்கு உதவ எடுத்து வைப்பதற்குத் தமிழில் அழகான பழஞ்சொல் ஒன்று உண்டு, அதுவும் வண்டிக்காரர்களின் சொல்லாகவே. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், உப்பு வண்டி ஓட்டும் உமணர்கள் பள்ளத்திலும் மேட்டிலும் என்ன ஆகுமோ என்று வண்டியின் அடியில் கட்டி வைக்கும் உபரி அச்சைச் சொல்கிறார். அதன் பெயர் ‘சேம அச்சு’. ஸ்டெப்னி டயருக்கு முன்னோடி. ஆக, சேமம் வேறு, பின்னால் எடுப்பது வேறு. நம் கேமராவுக்குச் சேமத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

பின்னால் எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது வடசென்னையில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களின் கன்டெய்னர் வண்டிகளும் பெரும்பாலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலைகளிலும் போய் வருகின்றன. நாற்பது அடி கன்டெய்னர் என்றால் பெட்டி மட்டுமே 12.2 மீட்டர் நீளம். அதை கோடவுன் வாசலுக்கு நேராகப் பின்னால் விட வேண்டும். ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். வண்டி மடங்கியதும் ஒரு கண்ணாடியில் பெட்டியின் நெளிந்த இரும்புச் சுவர் மட்டும் தெரியும், மறு கண்ணாடியில் வெறும் ரோடுதான் தெரியும். நேர் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது இரண்டிலும் தெரியாது. அதனால் கிளீனர் இறங்கிப்போய்ப் பெட்டியை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே குரல் கொடுப்பார்: “வா, வா, வா... லெஃப்ட்ல ஒடிண்ணே... இன்னும் கொஞ்சம்... ஹோல்டான்!” பஸ் கண்டக்டர் ‘நிறுத்து’ என்ற பொருளில் சொல்கிற அதே ‘ஹோல்டான்’தான். ‘ஹோல்ட் ஆன்’ தமிழ் வாயில் ஒரே சொல்லாகிவிட்டது. அந்தக் குரல் எஞ்சின் சத்தத்தில் கேட்காமல் போனாலோ, கிளீனரே பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாலோ என்ன ஆகும் என்பதை நினைத்தால், இந்தச் சின்னக் கருவியின் மதிப்பு புரியும்.

சட்டமும் இதே கவலையில்தான் வந்தது. அமெரிக்காவில் 2018 மே 1 முதல் தயாராகும் புது கார்களிலும் சிறு வண்டிகளிலும் இந்தக் கேமரா கட்டாயம். சுமையோடு சேர்த்து 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,536 கிலோ வரையிலான வண்டிகளுக்குத்தான் அந்த விதி. ட்ரெய்லர்களும், வீடு போல அமைந்த பெரிய ஆர்.வி. வண்டிகளும் அதில் வராது. அந்த உரிமையாளர்கள் தாங்களே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புது கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயமானது. சென்சார் என்பது உணரி. பின்னால் ஏதோ இருக்கிறது என்று ‘பீப்’ அடிக்குமே தவிர, அது சுவரா குழந்தையா என்று சொல்லாது.

‘ட்ரெய்லர்’ என்றால் பின்னால் இழுபட்டு வருவது. சினிமா ட்ரெய்லரும் இதே சொல்தான். ஆரம்ப காலத்தில் அதைப் படம் முடிந்த பிறகு, படத்தின் வாலில் காட்டினார்கள். தமிழில் ‘இழுவை வண்டி’ என்று எழுதுகிறோம். ஆனால் ‘இழுவை’ இழுப்பதா, இழுபடுவதா? டிராக்டருக்கும் அதையே எழுதுகிறவர்கள் இருப்பதால் ‘இணைப்பு வண்டி’ என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது.

‘ஆர்.வி.’ என்பது பொழுதுபோக்குப் பயணத்துக்கான வண்டி; படுக்கை, அடுப்பு, கழிவறையோடு உருளும் வீடு. நம் ஊரில் அதற்கு ‘கேரவன்’ என்ற பெயர் சினிமாக்காரர்களால் வேரூன்றிவிட்டது. பெரம்பூர் பின்னி மில்லில் படப்பிடிப்பு நடந்தபோதெல்லாம் பார்த்த வண்டிதான். பிரிட்டனில் கேரவன் என்றால் காரின் பின்னால் கட்டி இழுக்கும் வீடு. இந்தச் சொல்லின் வேர் பாரசீகம்: ‘கார்வான்’ என்றால் கூட்டமாகப் போகும் பயணிகள். நாம் தினமும் சொல்லும் ‘வேன்’ இதே கேரவனின் வாலை மட்டும் வெட்டி எடுத்த சொல். வணிகர் கூட்டத்துக்குத் தமிழில் ‘சாத்து’ என்று பெயர்; கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பது அதுதான். உப்பு வண்டிகளின் நீண்ட வரிசைக்குச் சங்கப் பாடல்களில் ‘ஒழுகை’ என்று பெயர். துறைமுக வாசலில் நிற்கும் ட்ரெய்லர் வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. உருளும் வீட்டுக்கு ‘பயண வீடு’ போதும், யாருக்கும் புரியும்.

கேரவனுக்கும் கன்டெய்னர் வண்டிக்கும் உறவும் உண்டு. அமெரிக்காவில் பெரிய இழுவை வீடுகளில் ஒரு வகையை ‘ஃபிப்த் வீல்’ என்றே அழைக்கிறார்கள், அது வண்டியோடு சேரும் இணைப்பின் பெயரால். நம் கன்டெய்னர் ட்ரெய்லரை முன்வண்டியோடு பூட்டும், கிரீஸ் பூசிய தட்டும் அதே ஃபிப்த் வீல்தான்.

‘கேமரா’ லத்தீன் சொல். வளைந்த கூரையுள்ள அறை என்று பொருள். இருட்டறையின் சுவரில் ஒரு துளை போட்டால் வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். அந்த ‘இருட்டறை’ என்ற பெயரில் இருட்டு உதிர்ந்து, அறை மட்டும் மிஞ்சியது. இந்தியில் அறையைக் குறிக்கும் ‘கம்ரா’வும் போர்த்துகீசியர் வழி வந்த இதே சொல். இலங்கைத் தமிழர் ‘கமரா’ என்று எழுதுவார்கள். தமிழில் புகைப்படக் கருவி, நிழற்படக் கருவி, ஒளிப்படக் கருவி என மூன்றும் வழங்குகின்றன. ஆனால் இவை எல்லாமே படத்தை எடுத்து வைக்கும் கருவியைச் சொல்பவை. நம் கருவியின் வேலை எடுத்து வைப்பது இல்லை, அந்த நேரத்துக்குக் காட்டுவது, அவ்வளவுதான். பெயர் வைக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

இப்போது ‘வயர்லெஸ்’. கம்பி வழியாகப் போன தந்தி, கம்பி இல்லாமல் போனபோது பிறந்த சொல் அது. தமிழிலும் ‘கம்பியில்லாத் தந்தி’ என்று அப்போதே நேராகச் சொன்னார்கள். ‘கம்பியில்லா’ நல்ல சொல், மாற்ற வேண்டாம். ஆனால் இந்தக் கருவியில் எந்தக் கம்பி இல்லை என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். படம் மட்டும்தான் காற்றில் வரும், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். கேமராவுக்கும் கரண்ட் வேண்டும், திரைக்கும் கரண்ட் வேண்டும், இரண்டுக்கும் வயர் இழுத்தே ஆக வேண்டும். சார்ஜ் செய்து காந்தத்தால் ஒட்டவைக்கும் வகை மட்டும் விதிவிலக்கு. பெரிய லாரியில் பெரும்பாலும் 24 வோல்ட், பயண வீட்டில் 12 வோல்ட். 12க்கு மட்டும் செய்த கேமராவை 24 வோல்ட் லாரியில் கோத்தால் கருகிவிடலாம். பெட்டியில் ‘12–24’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கரண்டை எந்த வயரிலிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். ரிவர்ஸ் லைட் வயரில் எடுத்தால் கியர் போட்ட பிறகுதான் கேமரா விழிக்கும், திரையோடு சேர ஒன்றிரண்டு நொடி ஆகும். அமெரிக்காவில் பயண வீடு இழுப்பவர்கள் பலர் ஓடும்போது எரியும் விளக்கின் வயரில் எடுக்கிறார்கள். நெடுஞ்சாலையில் பின்னால் வரும் வண்டியும் தெரியும். அவர்கள் கேமராவைக் கூரை உயரத்தில் வைக்க முடியும். கன்டெய்னர் வண்டியில் பெட்டி நாளுக்கு நாள் மாறும். ஆகவே ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தின் வாலில், தாழ்வாகத்தான் வைக்க முடியும். மணலி தூசியும் மழைச் சேறும் நேராக லென்ஸில் அப்பும். கேமராவின் அட்டைப்பெட்டியில் ‘ஐ.பி.67’ என்ற பாதுகாப்பு எண் இருந்தால் 6 தூசி புகாது என்பதற்கு, 7 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு. ஆனால் கடல் காற்றின் உப்பு வயர் முனையைத் தின்னும். அதற்கு இந்த எண் பதில் சொல்லாது. துணியால் துடைப்பதும், முனைகளை டேப் சுற்றி மூடுவதும் நம் பொறுப்பு.

ஒரே முன்வண்டி ஒரு நாளில் பல ட்ரெய்லர்களைப் பூட்டும் தொழிலில் கம்பியில்லாக் கேமராவுக்கு உண்மையான பயன் உண்டு. நீள வயர் இழுக்க வேண்டாம், பூட்டும் இடத்தில் பிளக் தேய வேண்டாம். சிக்கல், இரும்புப் பெட்டி அலையை மறைக்கும் என்பது. கேமராவின் அட்டைப்பெட்டிமேல் போட்டிருக்கும் தூரம் திறந்த வெளியில் அளந்தது. பழைய அனலாக் வகையில் பக்கத்து வண்டியின் படம் நம் திரையில் வரக்கூட வாய்ப்புண்டு. டிஜிட்டல் வகை கேமராவையும் திரையையும் ஜோடி சேர்த்துவிடுவதால் அது நடக்காது. ஆனால் அதில் வேறொரு ஆபத்து. அலை பலவீனமானால் அனலாக் படம் கோடு கோடாகக் கலங்கும், டிஜிட்டல் படம் அப்படியே உறைந்து நிற்கும். உறைந்த படத்தில் பின்னால் யாருமே இல்லாதது போலிருக்கும். தாமதமும் உண்டு: மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் கால் நொடி தாமதம் என்றால் வண்டி ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். கைபேசியில் அருகலை (வைஃபை) வழியாகப் பார்க்கும் மலிவு வகைகளில் தாமதம் இன்னும் கூடலாம். லாரிக்கு அவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, பெயருக்கு வருவோம். ‘பின்காட்சிப் படக்கருவி’ என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் ரோட்டில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள். நாட்காட்டி, திசைகாட்டி, வழிகாட்டி என்று நமக்குப் பழகிய வார்ப்பு இருக்கிறது. பின்னால் இருப்பதைக் காட்டுவது ‘பின்காட்டி’. கேமராவும் திரையும் சேர்ந்த முழுக் கருவிக்கும் இது பொருந்தும். தனித்தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் பின்காட்டிக் கேமரா, பின்காட்டித் திரை. ‘கேமரா’ தமிழாகிவிட்ட சொல், விரட்ட வேண்டியதில்லை. படம் காற்றில் வரும் வகைக்குக் கம்பியில்லாப் பின்காட்டி. உள்ளே இருக்கும் கண்ணாடிக்கு ஏற்கெனவே ‘பின்நோக்குக் கண்ணாடி’ இருப்பதால் குழப்பம் வராது.

வாக்கியத்தில் இப்படி வரும்: “ட்ரெய்லர் மாத்தினதும் பின்காட்டியை ஜோடி சேர்த்துப் பாரு.” “பின்காட்டியில படம் அசையல, பிரேக் போடு, இறங்கிப் பார்த்துட்டு எடு.” “இந்தப் பின்காட்டி இருபத்துநாலு வோல்ட் தாங்குமாண்ணே?”