துப்பாக்கிச் சத்தமும் காதில் வைத்த பஞ்சும்

பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தபோது முதல் தடவையாக .22 ரைஃபிள் சுட அழைத்துப் போனார்கள். காதுக்கென்று கிடைத்தது ஆளுக்குக் கொஞ்சம் பஞ்சு. சுட்டுவிட்டுத் திரும்பும்போது காதுக்குள் ஒரு சில்வண்டு உட்கார்ந்துகொண்டு ராத்திரி வரை கத்தியது. காலையில் போய்விட்டது, நானும் மறந்துவிட்டேன்.

இத்தனைக்கும் துப்பாக்கிகளில் .22 சாது. சுடுபவர் காதருகே அதன் வெடிப்பு 140 டெசிபலை ஒட்டி வரும். 9 எம்.எம். பிஸ்டலும் பெரிய ரைஃபிள்களும் 155, 160 என்று போகும். டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிவிடும். நாள் முழுக்க இயந்திரத்தருகே நிற்கும் தொழிலாளிக்கு 85 டெசிபல்தான் எல்லை என்கிறது தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம். அதற்கும் 140க்கும் நடுவே ஏறக்குறைய மூன்று லட்சம் மடங்கு வித்தியாசம். வெடிச்சத்தத்தைப் பொறுத்தவரை 140 என்பது ஒரே ஒரு தடவைகூடத் தாண்டக் கூடாத கோடு.

காதுக்குச் சொந்தப் பாதுகாப்பு ஒன்று உண்டு. பெரிய சத்தம் கேட்டதும் நடுக்காதில் உள்ள ஒரு குட்டித் தசை சுருங்கி, அங்கிருக்கும் சிற்றெலும்பை இறுக்கிப் பிடிக்கும். அது சுருங்கவே பல பத்து மில்லிசெகண்ட் ஆகும். வெடிப்பின் உச்சமோ சில மில்லிசெகண்டில் முடிந்துவிடுகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

அடி விழுவது உட்காதின் நத்தைச்சுருளில். அங்கே சுமார் 15,000 மயிர்ச்செல்கள் அதிர்வை நரம்புக்குச் சொல்லும் வேலையில் இருக்கின்றன. கோழிக்கு இவை செத்தாலும் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகளைக் கேட்கும் பகுதிதான் முதலில் போகும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், ஆனால் ‘ஸ்’, ‘ஷ்’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவி, என்ன சொன்னார் என்பது பிடிபடாது. வலது தோளில் ரைஃபிளை வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் அதிகம் கெடும். குழல் முனைக்கு அது பக்கம். வலது காதுக்குத் தலையே மறைப்பாகிவிடுகிறது.

சரி, காதைக் காக்க எதை வாங்குவது? பெட்டியில் என்.ஆர்.ஆர். என்று ஓர் எண் இருக்கும், எத்தனை டெசிபல் குறையும் என்று சொல்வது அது. காதுக்குள் செருகும் நல்ல ஃபோம் பிளக்கில் 33 வரை போட்டிருப்பார்கள். 160லிருந்து 33 போனால் 127, நிம்மதி என்று தோன்றும். அந்த 33 ஆய்வுக்கூடத்தில், சீரான இரைச்சலில், சரியாகப் பொருத்திப் பார்த்துக் கிடைத்தது. நடைமுறையில் ஃபோம் பிளக்குக்குப் பாதியை மட்டும் நம்பு என்பது 1998இல் நியாஷ் சொன்ன கணக்கு. அப்படியானால் 16தான் குறையும், 144 உள்ளே வரும். இது தோராயக் கணக்குதான் என்றாலும் கோட்டைத் தாண்டியாயிற்று.

மீதிப் பாதி எங்கே போகிறது? இடுக்கு வழியாக. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலை ஒருக்களித்து வைத்தால் தெருச் சத்தம் வரத்தானே செய்யும்? பஞ்சு உதவாததும் இதனால்தான், அது முழுக்க இடுக்கு. ஃபோமை விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே தள்ளி, அது விரியும் வரை அரை நிமிஷம் விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். பலர் எடுத்துவிடுகிறார்கள், பிளக் பாதி வெளியே நிற்கும்.

காதை மூடும் இயர்மஃபில் இந்த வம்பு குறைவு. ஆனால் கண்ணாடியின் காம்பு அதன் மெத்தையைத் தூக்கிவிடும். கட்டடத்துக்குள் இருக்கும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும் என்பதால் பிளக்கும் மஃபும் சேர்த்தே போடுவார்கள். அப்போது 33ம் 25ம் கூடி 58 ஆகாது, பெரிய எண்ணோடு 5 சேர்த்துக்கொண்டால் போதும். காதை எவ்வளவு அடைத்தாலும் மண்டையோட்டு எலும்பு வழியாக ஒரு பங்கு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

எலக்ட்ரானிக் மஃபை எனக்குப் பிடிக்கும். பயிற்சியாளர் பேச்சை மைக்கில் வாங்கித் தரும், வெடித்ததும் மைக்கின் ஒலியை நிறுத்திவிடும். தடுக்கும் வேலையைச் செய்வது அதன் கிண்ணம்தான், பேட்டரி தீர்ந்தாலும் அது தடுக்கும். பாட்டுக் கேட்கும் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் வேறு ஜாதி. ரயில் இரைச்சல் மாதிரி நிதானமாக வரும் சத்தத்தைத்தான் அது சமாளிக்கும்.

அண்ணன் மகன் இந்த வருஷம் என்.சி.சி. முகாமுக்குப் போகிறான். ஃபோம் பிளக் வாங்கிக் கொடுத்து, வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணச் சொன்னேன். காது சரியாக அடைபட்டிருந்தால் சொந்தக் குரல் மாறிக் கேட்கும். "என் குரலே பானைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு சித்தப்பா" என்றான். இடது காதில் மட்டும் அப்படி இல்லையாம். எடுத்து மறுபடி உருட்டச் சொன்னேன்.