கிரான் வேலைகள் சிஸ்டம் லாகில் எழுதட்டும்

குறித்த நேரங்களில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரானில் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளில் பல, தம் வெளியீட்டை ஒட்டுமொத்தமாக வீசி எறிகின்றன, அல்லது எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு கோப்பில் கொட்டிவைக்கின்றன. கோளாறு வரும் இரவில் பணியில் இருப்பவர் முதலில் திறப்பது, கணினியில் நடப்பவை பதிவாகும் சிஸ்டம் லாகைத்தான். அங்கே, வேலையைத் தொடங்கியதாகக் கிரான் எழுதிய ஒற்றை வரி இருக்கும். அந்த வேலை முடிந்ததா, பாதியில் நின்றதா என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. சர்வர்களைப் பராமரிக்கும் பணியில் நான் அடிக்கடி காணும் குறை இது. இதைத் தீர்க்கப் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

1980களில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளுக்காக எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக்தான் இன்றும் யூனிக்ஸ் வழிவந்த பல அமைப்புகளில் பதிவுகளின் அடிப்படை. கட்டளை வரியிலிருந்து அதற்குள் செய்தி அனுப்பும் ‘லாகர்’ கட்டளை, யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் பொதுத் தரத்திலேயே இடம்பெற்றிருப்பதால், ஏறத்தாழ எல்லா லினக்ஸ், பிஎஸ்டி கணினிகளிலும் தயாராக இருக்கிறது. லாகர் என்று தட்டி, மேற்கோள் குறிக்குள் செய்தியை எழுதினால் போதும். டெபியன் வழி அமைப்பென்றால் பெரும்பாலும் சிஸ்லாக் கோப்பிலும், ரெட் ஹாட் வழி என்றால் மெசேஜஸ் கோப்பிலும், சிஸ்டம்டியின் பதிவுச் சேவையான ஜர்னல் இருந்தால் அதிலும் போய்ச் சேரும்.

ஆனால் அப்படி வெறுமனே அனுப்பிய செய்தியைப் பிறகு தேடி எடுப்பது கடினம். லினக்ஸில் வழக்கமாக உள்ள லாகர், பெயர் எதுவும் தராவிட்டால் பயனரின் பெயரையே அடையாளமாகப் போடும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர் ஓட்டும் எல்லா ஸ்கிரிப்ட்டுகளும் ‘ரூட்’ என்ற ஒரே பெயரில் கலந்துவிடும். முன்னுரிமை குறிப்பிடாத செய்தி ‘யூசர்’ வகையில் ‘நோட்டீஸ்’ நிலையில் பதிவாகும், அதாவது 13 என்ற எண்ணுடன் (வகை எண் 1ஐ 8ஆல் பெருக்கி, நிலை எண் 5ஐக் கூட்டியது). பேக்கப் தோல்வியடைந்த செய்தியும் வழக்கமான தகவலும் ஒரே நிலையில் வந்தால், எந்த எச்சரிக்கைக் கருவியும் அவற்றைப் பிரித்தறியாது. ஆகவே ‘டி’ விருப்பத்தால் ஸ்கிரிப்ட்டின் பெயரையும், ‘பி’ விருப்பத்தால் ‘லோக்கல்0’ வகையில் ‘எர்ர்’ போன்ற தகுந்த நிலையையும் தருவதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மிகவும் ஆபத்தான பழக்கம், முக்கியமான கட்டளையின் வெளியீட்டைப் பைப் வழியாக லாகருக்குத் தள்ளிவிட்டு, அடுத்த வரியில் அது வெற்றியா என்று சோதிப்பதாகும். நான் ஆய்வு செய்த ஒரு சர்வரில், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் பிழையுடன் நின்றபோதும் பைப்பின் கடைசியில் இருந்த லாகர் தன் வேலையைச் சரியாகவே முடித்ததால், ஷெல்லுக்குக் கிடைத்த விடை 0, அதாவது வெற்றி. ‘வெற்றி’ என்று நம்பிய ஸ்கிரிப்ட், பழைய பேக்கப்பை அழிக்கும் வரிக்குப் போய்விட்டது. பிழைச் செய்தி லாகில் தெளிவாகப் பதிவாகியிருந்தும், அதைக் கண்டபோது மீட்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ விருப்பத்தை ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே இயக்கிவிட்டால், பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் அந்தத் தோல்வி வெளியே தெரியும்.

கடவுச்சொல், டோக்கன், பயனரின் சொந்த விவரம் எதையும் செய்தியில் சேர்க்காதீர்கள். கட்டளை வரியில் எழுதியது, அது ஓடும் கணத்தில், இயங்கும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் பிற பயனர்களின் கண்ணிலும் படலாம். பதிவான பிறகோ மைய லாக் சர்வருக்கும், சுழற்சியில் சுருக்கப்பட்ட பழைய கோப்புகளுக்கும் பரவிவிடும். ஓரிடத்தில் அழித்தால் தீராது. அந்தக் கடவுச்சொல்லையே மாற்றியாக வேண்டும்.

சாதாரணப் பயனர் எவரும் லாகரை ஓட்டி, தாம் விரும்பிய பெயரில் செய்தி அனுப்ப முடியும் என்பதையும் மறக்கக்கூடாது. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையின் பெயரில் ஒரு வரி இருப்பது, அந்தச் சேவைதான் அதை எழுதியது என்பதற்குச் சான்றாகாது. சந்தேகம் வந்தால், அடிக்கோட்டில் தொடங்கும் ஜர்னல் புலங்களைப் பாருங்கள். அனுப்பியவரின் பயனர் எண்ணை அங்கே ஜர்னலே பதிகிறது, அனுப்புபவரால் மாற்ற முடியாது.

வேறொரு சர்வருக்கு யூடிபி வழியாக 514ஆம் போர்ட்டில் அனுப்பும்போது, செய்தி சேர்ந்ததா என்ற பதில் திரும்பி வராது. வழியில் ஃபயர்வால் தடுத்தாலும் லாகர் பெரும்பாலும் 0 என்றே முடியும். எனவே புதிய ஸ்கிரிப்ட்டை இயக்கத்தில் விடுமுன், வேண்டுமென்றே ஒருமுறை அதைத் தோற்கவைத்து, அந்தப் பிழைச் செய்தி சரியான பெயரிலும் நிலையிலும் பெறும் சர்வரில் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.