கம்பிகளைப் படித்தால் விமானம் தெரியும்

மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள் கொண்ட பழைய விமானங்களை அடையாளம் காண விரும்புகிறவர் முதலில் நம்பக் கூடாதது அவற்றின் வண்ணத்தை. நூறு வயதான விமானத்தின் துணி பலமுறை மாற்றப்பட்டிருக்கும். புதுத் துணியின் மேல் எந்தப் படைப்பிரிவின் சின்னத்தையும் எந்த எண்ணையும் தீட்டிவிடலாம். மாறாதது எலும்புக்கூடுதான்: இறக்கைகள் அமைந்திருக்கும் கோணம், அவற்றுக்கு இடையே நிற்கும் முட்டுக்கால்கள், குறுக்கே ஓடும் கம்பிகள்.

இரண்டு இறக்கைகள் எதற்கு? தூக்குவிசை இரு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. மேல் இறக்கையின் அடியில் காற்றழுத்தம் கூட வேண்டும். கீழ் இறக்கையின் மேற்புறத்தில் குறைய வேண்டும். இரண்டும் நெருங்கி இருப்பதால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கிறது. உண்மையான காரணம் வலிமை. மரச்சட்டமும் துணியும் கொண்ட மெல்லிய இறக்கை தனியாக நின்றால் முறுக்கிக்கொள்ளும், ஒடியும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டை வைத்து, நடுவே முட்டுக்கால் நட்டு, மூலைக்கு மூலை கம்பி இழுத்துக் கட்டினால் எடை கூடாமல் விறைப்பான கூடு கிடைக்கிறது. இது பாலம் கட்டுகிறவர்களின் உத்தி. ரயில் பாதைப் பொறியாளரான ஆக்டேவ் சனூட் 1896இல் தம் கிளைடருக்கு அதைக் கொண்டுவந்தார். 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்திலும் அந்தக் கட்டமைப்பே இருந்தது.

கம்பிகளில் இரண்டு வகை உண்டு. உடலின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி மேல் இறக்கையின் வெளிப்புறத்துக்கு ஏறிச் செல்பவை, பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி மடங்காமல் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு எதிர்க் குறுக்காக ஓடுபவை, தரையில் நிற்கும்போதும் இறங்கும்போதும் இறக்கையின் பாரத்தைத் தாங்குகின்றன. முதல் வகைக்குச் சுமை அதிகம் என்பதால் அது பெரும்பாலும் இரட்டைக் கம்பியாக இருக்கும். பிரிட்டிஷ் விமானமாக இருந்தால் கம்பியின் வடிவத்தையும் கவனியுங்கள். உருண்டையான கம்பி காற்றைக் கிழித்துச் செல்லும்போது, அதைப்போல் பத்து மடங்கு தடிப்பான, வழுவழுப்பாக வடிவமைத்த பொருள் சந்திக்கும் அளவுக்கு எதிர்ப்பைச் சந்திக்கிறது. அதனால்தான் பிரிட்டிஷ் பொறியாளர்கள் முதல் உலகப் போரின்போதே இரு ஓரமும் மெலிந்த தட்டைக் கம்பிகளைச் செய்தார்கள்.

கண்ணுக்கு நல்ல பயிற்சி வேண்டுமானால் பிரிட்டனின் டைகர் மாத், பெல்ஜியத்தின் ஸ்டாம்ப் எஸ்.வி.4 என்ற இரண்டு பயிற்சி விமானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1931இல் பறந்த டைகர் மாத்தின் இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது வேகத்துக்காக அல்ல. முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியே குதிக்க வசதியாக மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே நகர்த்தினார்கள். அதனால் குலைந்த சமநிலையைச் சரிசெய்ய இறக்கைகளைப் பின்னுக்குச் சாய்த்தார்கள். ஸ்டாம்புக்கும் சாய்ந்த இறக்கைகள்தான். பின் எப்படிப் பிரித்தறிவது? விமானத்தைச் சரிக்க உதவும் அசையும் மடல்கள் டைகர் மாத்தில் கீழ் இறக்கையில் மட்டும் இருக்கும், ஸ்டாம்பில் மேல், கீழ் இறக்கைகள் இரண்டிலும் இருக்கும். டைகர் மாத்தின் மூத்த உறவான ஜிப்ஸி மாத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் எளிது. அதன் இறக்கைகள் நேரானவை, எஞ்சினின் சிலிண்டர் தலைகள் மூக்குக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். டைகர் மாத்தில் எஞ்சினைத் தலைகீழாகப் பொருத்தி, விமானியின் பார்வைக்கு வழிவிட்டார்கள்.

முதல் உலகப் போரின் விமானங்களில் என் மனத்துக்கு நெருக்கமானது சோப்வித் கேமல். நேர் எதிரே நின்று பார்த்தால் மேல் இறக்கை தட்டையாகவும், கீழ் இறக்கை நுனிகள் மேல்நோக்கி உயர்ந்தும் இருக்கும். மேல் இறக்கையை எளிதாகத் தயாரிக்க வேண்டும் என்று அதைத் தட்டையாக்கிவிட்டு, ஈடுகட்டக் கீழ் இறக்கையின் ஏற்றத்தைக் கூட்டினார்கள். அதன் எஞ்சினில் நடுத்தண்டு அசையாது; சிலிண்டர்கள் அனைத்தும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். அவ்வளவு கனமான சுழலும் பொருளைத் திருப்பினால் அது வேறு திசையில் முண்டும் என்பது இயற்பியல். வலப்பக்கம் திரும்பினால் கேமலின் மூக்கு கீழே இறங்கும், இடப்பக்கம் திரும்பினால் மேலே எழும். அனுபவமுள்ளவர் கையில் அது வானத்தில் சட்டென்று திரும்பும் ஆயுதம். பயிற்சியில் இருந்த இளைஞர்கள் பலருக்கு எமன்.

பிரான்ஸின் ஸ்பாட் 13 கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு வரிசை முட்டுக்கால்கள் தெரிவதால் இரு கட்டங்கள், அதாவது முட்டுக்கால்களும் குறுக்குக் கம்பிகளும் வகுக்கும் இரண்டு பகுதிகள், கொண்ட இறக்கை என்று தோன்றும். உள் வரிசை மெலிந்தது. கம்பிகள் அதிராமல் பிடிக்க, அவை குறுக்கிடும் இடத்தில் வைக்கப்பட்டது. உண்மையில் அது ஒரே கட்டம்தான். ஜெர்மனியின் ஃபாக்கர் டி.7இல் இறக்கைகளுக்கு இடையே கம்பியே இருக்காது. தடித்த இறக்கைக்குள்ளேயே வலிமையை வைத்துவிட்டார்கள். 1918 போர்நிறுத்த ஒப்பந்தம் ஒப்படைக்கச் சொன்ன விமானங்களில் இந்த வகை பெயர் குறிப்பிட்டே கேட்கப்பட்டது.

கேமலையும் ஃபாக்கர் டி.7ஐயும் ஒரே இடத்தில் பார்க்க லண்டனின் ஹெண்டனில் உள்ள அரச விமானப்படை அருங்காட்சியகம் போதும். நுழைவுக் கட்டணம் இல்லை, காலிண்டேல் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பாரிஸுக்கு வெளியே லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில், விமானி கீன்மேர் ஓட்டிய ஸ்பாட் 7 இருக்கிறது. எங்கே போனாலும் மூன்று இடங்களில் நில்லுங்கள். எதிரே நின்றால் இறக்கையின் ஏற்றமும், பக்கவாட்டில் நின்றால் மேல் இறக்கை எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதும், அடியில் நின்றால் பின்சாய்வும் தெரியும். கூரையில் தொங்குபவற்றுக்குச் சிறிய பைனாகுலர் உதவும்.

ஆனால் கம்பிகள் வேலை செய்வதைப் பார்க்க பெட்ஃபோர்டுஷயரின் ஓல்டு வார்டனுக்குத்தான் போக வேண்டும். அங்குள்ள ஷட்டில்வொர்த் தொகுப்பில் பழைய விமானங்கள் இன்றும் பறக்கின்றன. மிகப் பழையவை காற்று அடங்கினால்தான் வெளியே வரும். ஆகவே மாலைக் காட்சிக்கு டிக்கெட் எடுப்பது நல்லது.

கேம்பிரிட்ஜுக்கு அருகே டக்ஸ்ஃபோர்டில் உள்ள டி.எச்.9 குண்டுவீச்சு விமானம் நம் நாட்டிலிருந்து போனது. போருக்குப் பின் பிரிட்டன் இந்தியாவுக்குக் கொடுத்த விமானங்களில் சிலவற்றின் மிச்சங்கள் ராஜஸ்தானின் பிகானேரில், அரண்மனையின் பழைய யானைக் கொட்டிலில் கிடந்தன. அவற்றை வாங்கிச் சென்று பல ஆண்டுகள் உழைத்துச் சீரமைத்தார்கள். இதற்கு முந்தைய டி.எச்.4க்கும் ஏறத்தாழ இதே இறக்கைதான், இருக்கைகளைப் பாருங்கள். டி.எச்.4இல் விமானிக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே பெட்ரோல் தொட்டி இருந்ததால் இருவரும் பேசிக்கொள்ள முடியவில்லை. டி.எச்.9இல் விமானியைப் பின்னே நகர்த்தி இருவரையும் முன்னும் பின்னுமாக நெருக்கி உட்காரவைத்தார்கள்.