குதிரையை ஒட்டாதீர்கள், புண்ணியமாகப் போகும்

குதிரையை ஒட்டிக் கெடுத்த கிதார், இந்த மாதத்தில் இது மூன்றாவது. பெரம்பூரில் என் பட்டறை மேசைமேல் ஒரு ஜப்பான் ஆர்ச்டாப் (மேல்பலகை வளைந்த) கிதார் கிடக்கிறது. 1977-ல் ஐபனெஸ் கம்பெனி பெயரில் செய்தது. வயலினில் இருப்பது போன்ற எஃப் துளைகள், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இரண்டு, ஓரம் கறுத்து நடுவில் தேன் நிறம். கொண்டுவந்த தம்பி எட்டு மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து 70,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். விற்றவர் போட்ட விளம்பரத்தைப் போனில் காட்டினார். "பழைய அக்கூஸ்டிக்-எலெக்ட்ரிக். பிரிட்ஜ் கழன்று வந்தது, உறுதியாக ஒட்டிவிட்டோம்."

உறுதியாகத்தான் ஒட்டியிருந்தார்கள். சூப்பர் குளூ. அது போதாதென்று இரண்டு பக்கமும் மர ஸ்க்ரூ வேறு.

"அண்ணா, சும்மா மீட்டினா ட்யூனர் சரின்னு காட்டுது. அமுக்கி வாசிச்சா ஸ்ருதியே சேரமாட்டேங்குது."

எப்படிச் சேரும்?

தந்திகளைத் தாங்கி நிற்கிற பிரிட்ஜை நம் ஊர் வாத்தியக்காரர்கள் குதிரை என்பார்கள். வயலின் குதிரையை யாராவது ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மயிலாப்பூரில் ஏதாவது ஒரு வயலின் வாத்தியாரிடம் போய், "குதிரை சாய்ந்துவிட்டது சார், பசை போட்டு ஒட்டிவிட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஆர்ச்டாப்பும் அதே சாதிதான். ஆர்வில் கிப்சன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வயலின் மாதிரி மேல்பலகையை வளைத்துச் செதுக்கிக் கிதார் செய்தபோது ஆரம்பித்த வழி இது. தந்திகள் குதிரைமேல் ஏறிக் கீழ்முனையில் தந்திகளைக் கட்டியிருக்கும் டெயில்பீஸுக்கு இறங்குகின்றன. அந்த அழுத்தத்திலேயே குதிரை நிற்கிறது. எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அது விழும், விழத்தான் வேண்டும். அதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. சாதாரண அக்கூஸ்டிக் கிதாரில் ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பழகிய கண், இதையும் உடைந்ததாக நினைத்துக்கொள்கிறது. (கிப்சன் நிறுவனத்தின் 335 மாதிரி உள்ளே நடுக்கட்டை வைத்த கிதார்களில் குதிரை திருகின்மேல் நிற்கும். அந்தக் கதை வேறு.)

நகர்கிற மாதிரி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கழுத்தில் உள்ள உலோகக் கம்பிகளில் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு ஸ்வரம் வரும். அதே இடத்தில் அமுக்கி மீட்டினாலும் அதே ஸ்வரம் வரவேண்டும். ஏறி ஒலித்தால் குதிரையைக் கழுத்தைவிட்டுத் தள்ளிவைக்க வேண்டும், இறங்கினால் கழுத்துப் பக்கம் கொண்டுவர வேண்டும். தந்தியின் கனம் மாறினால் இடமும் மாறும். இந்தத் தம்பியின் கிதாரில் குதிரை 4 மில்லிமீட்டர் கழுத்துப் பக்கம் ஏறி ஒட்டியிருந்தது.

பிரித்தேன். சூடு காட்டி, மெல்லிய கத்தியை நுழைத்து, இரண்டு மணி நேரம். கடைசி அங்குலத்தில் பாலிஷோடு சேர்ந்து மேல் பிளையும் (ஒட்டுப்பலகையின் மேலடுக்கு) கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்து வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காத சத்தம்.

ஆமாம், பிளைதான். "ஒரே பலகையில் கையால் செதுக்கியது" என்று விற்றவர் எழுதியிருந்தார். எஃப் துளையின் விளிம்பில் டார்ச் அடித்தால் அடுக்கடுக்காகக் கோடு தெரிகிறது. பிளை என்பதால் மட்டம் என்று அர்த்தமில்லை. கிப்சனின் இ.எஸ்.-175, 1949-லிருந்து பிளையில்தான் வந்தது. மேடையில் ஸ்பீக்கர் சத்தத்தில் ஊளையிடுவதும் குறைவு. செதுக்கிய பலகையின் விலையைப் பிளைக்குக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த "லாசூட் கிதார்", அதாவது வழக்குக் கிதார் புராணம். 1977-ல் கிப்சனை வைத்திருந்த நார்லின் நிறுவனம், ஐபனெஸ் கிதார்களை அமெரிக்காவில் விற்றவர்கள்மேல் போட்ட வழக்கு அது. தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றிய வழக்கு. நாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே எழுபதுகளின் ஜப்பான் கிதார் எதைப் பார்த்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிப் பத்தாயிரம் ஏற்றுகிறார்கள்.

வாங்கப் போகிறீர்களா? குதிரையின் ஓரத்தில் பசை வழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழுத்து வளைந்திருக்கிறதா என்று நுனியிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய வைத்த ட்ரஸ் ராட் கம்பியின் திருகு திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கால ஐபனெஸ் என்றால் வரிசை எண்ணின் முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஜி 77 என்றால் 1977 ஜூலை. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோர வீட்டில் இருந்த கிதாரா? திருகுகளையும் பிக்கப் மூடியையும் துருவுக்காகப் பாருங்கள். வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் வைத்து எடுத்துப்போகாதீர்கள், பசை இளகிவிடும்.

அக்கூஸ்டிக் என்ற பெயரைப் பார்த்து வெண்கலம் சுற்றிய தந்தி மாட்டாதீர்கள். காந்தப் பிக்கப் வெண்கலத்தைக் கண்டுகொள்ளாது, தடித்த தந்திகள் அமுங்கி ஒலிக்கும். நிக்கல் சுற்றியது வாங்குங்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். தயவுசெய்து. அப்படியும் குதிரை விழுந்துவிட்டால் ஆசாரியைக் கூப்பிடாமல் எனக்கு ஒரு போன் போடுங்கள், எங்கே நிறுத்துவது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.