பன்னிரண்டே முக்காலுக்கு வரும் போன்

நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்க் குடும்பம். பையனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். பொதுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மா என்னிடம் முதலில் சொன்னது, "ஸ்கூல்ல எல்லாரும் ரொம்ப நல்லவங்க மேடம். இவன்தான் அடங்க மாட்டேங்கிறான்."

எத்தனை முறை சஸ்பெண்ட் செய்தார்கள் என்று கேட்டேன். "ஒரு நாள்கூட இல்லைங்க" என்றார். சரி, எத்தனை முறை போன் செய்து கூட்டிப்போகச் சொன்னார்கள்? அவருக்கே நினைவில்லை. போனில் அழைப்புப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய் எண்ணினோம். செப்டம்பரிலிருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குள் 17 முறை. அநேகமாக எல்லாமே பன்னிரண்டே முக்கால் மணியை ஒட்டி.

பள்ளியின் பதிவில் இந்த 17-க்கும் ஒரே வாசகம்தான்: பெற்றோர் முன்கூட்டியே அழைத்துச் சென்றார். வாசலில் கையெழுத்துப் போட்டது அம்மாதானே! காகிதத்தின்படி அவன் ஒருநாளும் வெளியே அனுப்பப்படவில்லை.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறும் குழந்தைகளைக் காப்பது ஐடியா (IDEA) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கூட்டாட்சிச் சட்டம். 1975-இல் வந்தது, 1990-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. நடத்தை, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய விரிவான விதிகள் 1997-இல் சேர்ந்தன, 2004-இல் திருத்தப்பட்டன. இதில் பெற்றோர் மனப்பாடம் செய்ய வேண்டிய எண் 10. ஒரு கல்வியாண்டில் 10 பள்ளி நாட்கள் வரை, மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புவதுபோலவே ஐஇபி (சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைக்கென்று எழுதப்படும் தனிக் கல்வித் திட்டம்) உள்ள பிள்ளையையும் அனுப்பலாம். பதினோராம் நாளிலிருந்து, வெளியே அனுப்பினாலும் கல்விச் சேவை நிற்கக் கூடாது. தொடர்ச்சியாக 10 நாளுக்கு மேல் போனாலோ, ஒரே மாதிரி நடத்தைக்காக விட்டுவிட்டு அனுப்பியது கூட்டினால் 10-ஐத் தாண்டி ஒரு தொடர்கதையாகத் தெரிந்தாலோ, அது பிள்ளையின் இடத்தையே மாற்றியதாகக் கருதப்படும். அப்படி இடம் மாற்றும் முடிவெடுத்த 10 பள்ளி நாட்களுக்குள் பள்ளியும் பெற்றோரும் உட்கார்ந்து இரண்டு கேள்விகளுக்குப் பதில் காண வேண்டும். இந்த நடத்தை அவனுடைய குறைபாட்டால் வந்ததா, அல்லது அதோடு நேரடியான, வலுவான தொடர்புடையதா? பள்ளி ஐஇபியை ஒழுங்காக நடைமுறைப்படுத்தாததன் நேரடி விளைவா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், பொதுவாகப் பிள்ளை பழைய வகுப்புக்கே திரும்புவான். பள்ளி அவன் நடத்தையின் காரணத்தை ஆராய்ந்து திட்டம் போட வேண்டும். திட்டம் ஏற்கெனவே இருந்தால் அதைத் திருத்த வேண்டும். ஆயுதம், போதைப்பொருள், கடுமையான உடற்காயம் ஆகிய மூன்றுக்கு மட்டும் 45 பள்ளி நாட்கள் வரை வேறு இடத்துக்கு அனுப்பப் பள்ளிக்கு அதிகாரம் உண்டு.

போன் போட்டுக் கூட்டிப்போகச் சொல்வதும் கணக்கில் சேருமா? சேரும். கூட்டாட்சிக் கல்வித் துறை 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த "அதிகாரபூர்வமில்லாத வெளியேற்றங்களை" வெளிப்படையாகவே பேசுகிறது. பாதி நாளையும் சேர்த்துப் பார்க்க இடமுண்டு.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஏன் பன்னிரண்டே முக்கால்? பிள்ளைகளின் நடத்தைக்குக் காரணம் தேடுவதே என் தொழில், அதன் கேள்வி இதுதான்.

பையனின் நாளை நேரம் நேரமாக எழுதிப் பார்த்தோம். மதிய உணவு பெரிய கூடத்தில், இருநூறு பிள்ளைகளின் இரைச்சலில். காதைப் பொத்திக்கொண்டே பாதி சாப்பிட்டு வருவான். வகுப்புக்குள் நுழைந்ததும் மேஜையில் கணக்குத் தாள் காத்திருக்கும். தாளைத் தட்டிவிடுவான், தன் கையைக் கடித்துக்கொள்வான், யாராவது பிடிக்க வந்தால் அடிப்பான். அடுத்து அலுவலகம், அம்மா, கார், வீடு, அமைதி, ஐபேட். பையன் கணக்கில் பின்தங்கியிருக்கிறான் என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். இந்தக் கணக்கை அவன் சரியாகவே போட்டிருந்தான்.

ஒரு நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று தேடுவதைத்தான் எஃப்பிஏ என்கிறோம். கவனம் வேண்டியா, ஒரு பொருள் வேண்டியா, ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்கவா, உடலின் உணர்வுத் தேவையா என்று பார்ப்போம். இவனுக்குத் தப்பித்தல். அப்படியானால் வீட்டுக்கு அனுப்புவது தண்டனையே இல்லை, பரிசு. 17 முறை பரிசு கொடுத்திருக்கிறார்கள். அவன் ஐஇபியிலோ நடத்தைக்கென்று இருந்தது ஒரே வரி: "தேவைப்படும்போது ஆசிரியர் நினைவூட்டுவார்."

ஒரு பிள்ளையின் நடத்தை அவன் படிப்பையோ மற்றவர் படிப்பையோ தடுத்தால், ஐஇபி குழு நேர்மறையான நடத்தை ஆதரவுகளைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம். "பரிசீலிப்பது" என்பது வலுவில்லாத சொல் என்பது என் எண்ணம். பரிசீலித்துவிட்டோம் என்று சொல்லி எழுந்து போய்விடலாம். அதனால்தான் 2017-ஆம் ஆண்டின் எண்ட்ரூ எஃப். வழக்கை நான் அடிக்கடி சொல்கிறேன். கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு மாணவன். பொதுப் பள்ளியில் நடத்தைச் சிக்கல் தீராமல் பெற்றோர் தனியார் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே சரியான நடத்தைத் திட்டம் போட்டதும் படிப்பிலும் முன்னேறினான். பெயரளவு முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றத்துக்கு வழி செய்யும் திட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் அப்போதிருந்த எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

பள்ளியை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. நானும் சில ஆண்டுகள் பள்ளிக்குள் வேலை பார்த்தவள். உதவியாளர் வராத நாளில், "இன்றைக்கு மட்டும்" என்று நானே பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறேன். அந்த "இன்றைக்கு மட்டும்" எத்தனை முறை வந்தது என்று நானும் எண்ணவில்லை.

நம் பெற்றோரின் சிக்கல் வேறு. டீச்சர் சொன்னால் மறுபேச்சு இல்லை என்று வளர்ந்தவர்கள் நாம். ஐஇபி மீட்டிங்குக்கு முறுக்கு டப்பாவோடு போன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். கொண்டு போங்கள், தப்பில்லை. கூடவே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். வாய்ப்பேச்சில் கேட்டது காற்றோடு போய்விடும். எஃப்பிஏ வேண்டும் என்று எழுத்தில் கேட்டால், செய்ய வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று பள்ளி எழுத்திலேயே சொல்ல வேண்டும். மீட்டிங்கில் பேசுவது முழுதும் புரியவில்லையா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், ஏற்பாடு செய்வது பள்ளியின் பொறுப்பு. கூச்சம் வேண்டாம், உங்கள் ஆங்கிலத்துக்கு யாரும் மார்க் போடப் போவதில்லை.

இன்னும் ஐஇபி கிடைக்காத பிள்ளைகளுக்கும் இது பொருந்தலாம். பிரச்சினை வெடிப்பதற்கு முன்பே "என் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவைப்படுகிறது" என்று ஆசிரியருக்கோ நிர்வாகத்துக்கோ நீங்கள் எழுதியிருந்தாலோ, மதிப்பீடு செய்யும்படி கேட்டிருந்தாலோ, இந்தப் பாதுகாப்புகளைக் கோரலாம். ஆனால் "லேபிள் விழுந்துவிடும்" என்று பயந்து பள்ளி செய்ய முன்வந்த மதிப்பீட்டை மறுத்திருந்தால், அந்த வழி அடைபட்டுவிடும். நம் வீடுகளில் இந்த மறுப்பு அதிகம் என்பதால்தான் தனியாகச் சொல்கிறேன்.

அந்தப் பையனுக்கு வருவோம். அழைப்புப் பட்டியலைத் தேதிவாரியாக எழுதி அம்மா ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நான்கு வரிதான். ஜனவரியில் மீட்டிங் நடந்தது, எஃப்பிஏவுக்கு அம்மா சம்மதக் கையெழுத்துப் போட்டார். இப்போது அவன் சிறிய அறையில் இரண்டு நண்பர்களோடு சாப்பிடுகிறான். பிறகு பத்து நிமிடம் அமைதியான மூலை. கணக்குத் தாள் பாதியாக மடித்து வரும். "பிரேக் வேண்டும்" என்று ஒரு அட்டையைக் காட்டக் கற்றிருக்கிறான். காட்டினால் உடனே கிடைக்கும், கடிக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் அட்டையைக் காட்டிக்கொண்டே இருந்தான் என்று ஆசிரியர் சலித்துக்கொண்டார். அது எதிர்பார்த்ததுதான்.

மார்ச்சில் ஒரு நாள் மறுபடி போன் வந்ததாம். வந்து கூட்டிப்போக முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா, "வர்றேங்க. இதை சஸ்பென்ஷன்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "பரவாயில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்களாம்.