“எல்லாம் என்ர பிழைதானே”

இலங்கையின் வடக்கில், வன்னியில் “எனக்கு மனம் சரியில்லை” என்று சொல்லிக்கொண்டு உளவளத்துணைக்கு வருபவர்கள் குறைவு. தலையிடி, நித்திரை வருவதில்லை, நெஞ்சுக்குள் அடைக்கிறது என்றுதான் வருவார்கள். வைத்தியசாலையில் எல்லாச் சோதனையும் செய்து ஒன்றுமில்லை என்று அனுப்பிய பிறகு, உளவளத்துணையாளர்களான எங்களிடமும் ஒருக்கால் போய்ப் பார்க்கும்படி யாராவது சொல்லியிருப்பார்கள். பிள்ளைகள், தோட்டம், மழை என்று நெடுநேரம் கதைப்பார்கள். எழும்பிப் போகும் நேரத்தில், செருப்பைப் போட்டபடி ஒரு வசனம் வரும்: “என்னத்தைக் கதைச்சு என்ன, எல்லாம் என்ர பிழைதானே.” அதைக் கேட்டால் நான் அவர்களைத் திரும்ப இருக்கச் சொல்வேன். வந்த காரணம் பெரும்பாலும் அந்த வசனத்துக்குள்தான் இருக்கும். (இந்தக் கட்டுரையில் வருபவர்கள் தனி ஆட்கள் இல்லை. பலர் சொன்னதைக் கலந்து எழுதியிருக்கிறேன்.)

1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வோடு வந்தவர்கள் அவரோடு கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்குள் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. அது சுருக்கமானது, வேகமானது. உண்மையா என்று விசாரிக்காமலே நம்பப்படுவது. அதற்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். இன்று உலகெங்கும் நடக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இந்தக் கவனிப்பு ஒரு பெரிய அடிப்படை.

இந்தப் பேச்சைக் கண்டுபிடிக்க நான் முதலில் பார்ப்பது, அது செயலைச் சொல்கிறதா ஆளைச் சொல்கிறதா என்பதைத்தான். “சாதாரண தரத்தில் கணக்குக்கு டபிள்யூ வந்தது”, அதாவது அந்தப் பாடத்தில் சித்தியில்லை, என்பது நடந்த ஒரு விஷயம். “நான் ஒண்டுக்கும் உதவாதவன்” என்பது தீர்ப்பு. எப்போதும், ஒருநாளும், ஒண்டுக்கும் போன்ற சொற்கள் வந்தால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். அப்புறம், இது யாருடைய குரல் என்றும் கேட்கலாம். பல பிள்ளைகளிடம் விசாரித்துப் போனால், கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திவைத்து ஒரு வாத்தியார் சொன்ன சொல்லோ, கனடாவில் இருக்கிற மச்சானோடு ஒப்பிட்டு வீட்டில் சொன்ன சொல்லோ அப்படியே கிடக்கும். சொன்னவர்கள் மறந்துவிட்டார்கள், பிள்ளை மறக்கவில்லை.

ஆனால் எங்கள் மண்ணில் இதைவிடப் பாரமான ஒன்று இருக்கிறது. ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். 2009இல் இறுதிப் போர் நேரம் மாத்தளன் பக்கம் பங்கருக்குள் இருந்தபோது மகனைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினார். ஷெல் விழுந்தது. “நான்தான் அவனைச் சாகடிச்சனான்” என்கிறார். “உங்கட பிழை இல்லை அம்மா” என்று ஊரே எத்தனையோ வருடமாகச் சொல்லிவிட்டது, அதில் ஒரு மாற்றமும் வரவில்லை. அதனால் நானும் அதைத் திருப்பிச் சொல்வதில்லை. அன்று காலையில் அவருக்கு என்னென்ன தெரிந்திருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். எவ்வளவு நேரமாகத் தண்ணீர் இல்லை? வேறு யார் போயிருக்கலாம்? அந்த நேரம் ஷெல் அடித்துக்கொண்டிருந்தார்களா? மெல்ல மெல்ல வரும்: சின்னவள் காய்ச்சலோடு மடியில் கிடந்தாள், விடியப்புறத்தில் இருந்து சத்தம் ஓய்ந்திருந்தது, பக்கத்துப் பங்கர்ப் பிள்ளைகளும் போனார்கள்.

ஷெல் விழும் என்பது அவருக்கு ஷெல் விழுந்த பிறகுதான் தெரியும். அந்த அறிவை எடுத்துக்கொண்டு, அது இல்லாதிருந்த காலை நேரத்துத் தாயை அவர் இத்தனை காலமாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருக்கிறார். இது அவர் ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. முடிவு தெரிந்தவுடன், அதை முன்பே ஊகித்திருக்கலாம் என்று மனித மனம் மிகைப்படுத்தி நம்புவதை பாரூக் பிஷ்ஹொஃப் என்ற உளவியலாளர் 1975இலேயே ஆய்வில் காட்டினார். இன்னொன்றையும் கவனியுங்கள். “நான்தான் சாகடிச்சனான்” என்ற வசனத்தில் ஷெல் அடித்தவன் எங்கேயுமே இல்லை.

இந்தக் குற்ற உணர்வை விடுவதற்கே சிலர் பயப்படுவார்கள். அதை விட்டால் பிள்ளையை மறந்ததுபோல் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 வரும்போது அந்தத் தாய் முள்ளிவாய்க்காலுக்குப் போகட்டும், விளக்கேற்றட்டும், வாய்விட்டு அழட்டும். அந்தத் துக்கத்தில் நான் கைவைக்கப் போவதில்லை. மகன் இல்லாத வீட்டில் தனக்கு நல்ல சாப்பாடு கூடாது, நல்ல சீலை கூடாது என்று தன்னைத் தானே தண்டிக்கிறாரே, அதை நிறுத்தத்தான் அவரோடு கதைக்கிறேன்.

கடனிலும் இதேதான் நடக்கிறது. குழுவாகச் சேர்ந்து எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடனில், அதாவது குழு லோனில், மாட்டிய பெண்கள், “என்ர மொக்குத்தனம்” என்றே தொடங்குவார்கள். அந்தச் சிக்கல் எவ்வளவு பரவலாக இருந்ததென்றால், 2018இல் அரசாங்கமே நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு போடவும், வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவிக்கவும் வேண்டிவந்தது. இதைச் சொன்னதும் சிலர் நிமிர்ந்து பார்ப்பார்கள். கடன் அப்படியே இருக்கிறதுதான். ஆனால் வெட்கத்தில் ஒளித்திருந்தவர் இப்போது பக்கத்து வீட்டாரோடு அதைப் பற்றிக் கதைக்கலாம்.

சரி, வீட்டில் தனியே இருக்கும்போது என்ன செய்யலாம்? அந்த வசனத்தை வந்தபடியே கொப்பியில் எழுதுங்கள், ஊர்ப் பேச்சிலேயே எழுதுங்கள். அப்புறம், இதே நிலையில் உங்கள் தங்கச்சி வந்து நின்றால் அவளுக்கு இதைச் சொல்வீர்களா என்று பாருங்கள். ஈதன் குரோஸும் அவரது குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், “நான்” என்பதை விட்டுத் தங்கள் பெயரைச் சொல்லித் தங்களோடு கதைத்தவர்களுக்குப் பதற்றமான நேரத்தைச் சமாளிப்பது இலகுவாக இருந்தது. எங்கள் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டு, “நீ இண்டைக்கு என்ன செய்யலாம்?” என்று உங்களையே கேளுங்கள்.

“நான் வெற்றியாளன், நான் அழகானவள்” என்று கண்ணாடி முன் நின்று சொல்லும்படி யூடியூப்பில் வரும் அறிவுரையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. தன்மதிப்புக் குறைந்தவர்கள் இப்படிச் சொல்லும்போது அவர்கள் மனநிலை இன்னும் கீழே போவதை கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வூட்டின் குழுவினர் 2009இல் கண்டார்கள். நம்பாத ஒன்றைச் சொல்ல, உள்ளிருக்கும் குரல் உடனே எதிர்வாதம் தொடங்கிவிடும். “கணக்குச் சோதினையில் தவறினேன், மெசின் திருத்த எனக்குத் தெரியும்” போன்ற உண்மையான வசனம் போதும்.

வீட்டாருக்கும் ஒன்று. “யோசியாதை பிள்ளை” என்று நாங்கள் அன்பில்தான் சொல்கிறோம், ஆனால் அதோடு அவர்களின் வாய் மூடிவிடும். “என்ன யோசினை ஓடுது?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் பக்கத்தில் இருங்கள்.

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் குழம்பியிருந்தால் கொப்பி மட்டும் போதாது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேளுங்கள், அல்லது மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். விசர் என்று சனம் சொல்லும் என்ற பயத்தில் பலர் வருடக்கணக்காகப் பிந்துகிறார்கள். மனச்சோர்வு என்பது மருந்துக்கும் பேச்சுச் சிகிச்சைக்கும் குணமாகும் நோய்.

“நான் இல்லாட்டில் இவையளுக்கு நல்லம்” என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே செயற்பட வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். தோட்டம் செய்யும் வீடென்றால் பூச்சிமருந்தை இன்றே அங்கிருந்து அகற்றி வேறொருவரிடம் பூட்டிவைக்கக் கொடுங்கள். மிகக் கொடிய பூச்சிமருந்துகளை இலங்கை 1995இலும் 1998இலும் தடைசெய்த பிறகு, 2005க்குள் நாட்டின் தற்கொலை வீதம் ஏறக்குறைய பாதியானது. சாகும் எண்ணம் வந்த அந்த நேரம் கடந்துபோகும்வரை நஞ்சு கைக்கெட்டாமல் இருந்ததே எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. அவரைத் தனியே விடாமல், அடுத்த நாள் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.